எலும்பு கூடிய பிறகும் வலி ஏன்? விபத்துக்குப் பிந்தைய பிசியோதெரபி பற்றி ஓர் எளிய விளக்கம்

இரு சக்கர வாகன விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்து உள்ளே ராடு பொருத்திய ஒருவருக்கு ஏழெட்டு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். ஆனால் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. பத்து நிமிடம் நின்றால் கால் கடுக்கிறது. இரவில் புரண்டு படுத்தால் வலியில் விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் இருப்பவர்கள் முதலில் பரிதாபப்படுகிறார்கள், பிறகு சலித்துக்கொள்கிறார்கள், கடைசியில் "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, சும்மா பயப்படுகிறாய்" என்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை, எக்ஸ்ரேயும் பொய் சொல்லவில்லை. எலும்பு கூடுவது ஒரு கட்டம். தசை, மூட்டு, நரம்பு ஆகியவை பழைய வேலைக்குத் திரும்புவது வேறொரு கட்டம். அந்த இரண்டாம் கட்டத்துக்குரிய மருத்துவம்தான் பிசியோதெரபி.

காயத்தால் இயக்கத்தை இழந்த உடலுக்கு, எந்த அசைவு, எவ்வளவு சுமை, நாளொன்றுக்கு எத்தனை முறை என்று அளந்து கொடுத்து, அந்த இயக்கத்தை மறுபடி பழக்குவதே இதன் சாரம். ஆகவே இதில் பெரும்பங்கு நோயாளியுடையது. சிகிச்சையாளர் சோதித்து அளக்கிறார், கற்றுக்கொடுக்கிறார், தவறினால் திருத்துகிறார். வாரத்தில் இரண்டு மூன்று முறை மட்டுமே அவரைப் பார்க்கிறோம் என்பதால், வீட்டில் அன்றாடம் செய்யும் பயிற்சியே பலனைத் தீர்மானிக்கிறது.

முதலில் வலியைப் புரிந்துகொள்ள வேண்டும். தோலிலும் தசையிலும் எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்விலும் உள்ள நுண்ணிய நரம்பு முனைகள், அடிபட்டதும் ஆபத்துச் செய்தியைத் தண்டுவடத்துக்கு அனுப்புகின்றன. அங்கிருந்து அது மூளைக்குப் போகிறது. ஆனால் போகிற வழியெல்லாம் அந்தச் செய்தி கூட்டப்படலாம், குறைக்கப்படலாம். மேசை விளிம்பில் முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம், வலி சற்றுக் குறைகிறது. தேய்ப்பதால் எழும் தொடு உணர்ச்சி, தண்டுவடத்தில் வலிச் செய்தியைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதை 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய வலி ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த கோட்பாடு விளக்கியது. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும், காயத்தின் அளவும் வலியின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்ற அதன் அடிப்படை இன்றும் நிலைத்திருக்கிறது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பு இதற்குத் தனி இடம் கொடுத்து, அறுவை சிகிச்சைக்கும் விபத்துக் காயத்துக்கும் பின் வரும் நாள்பட்ட வலியை அதில் ஒரு பிரிவாகவே வைத்திருக்கிறது. நீண்ட காலம் வலிச் செய்தியைக் கடத்திக்கொண்டே இருக்கும் தண்டுவடமும் மூளையும் அதற்குப் பழகிப்போவதற்கு மாறாக மேலும் கூர்மையடைந்துவிடுகின்றன. தண்டுவடத்தில் இப்படி நிகழ்வதை நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983இல் விலங்குகளில் செய்த ஆய்வில் காட்டினார். இந்த நிலையில் சாதாரணத் தொடுதலும் வலியாக உணரப்படும். சிறிய இடி பெரிய வேதனையாகும். அடிபட்ட இடத்தைச் சுற்றிலும் வலி பரவும். அவை கற்பனையாலோ நடிப்பாலோ வருபவை அல்ல. நரம்பு மண்டலத்தில் ஏற்பட்ட உண்மையான மாற்றத்தால் வருபவை. வலியோடு வாழும் ஒருவருக்கு இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்வதே சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன். கால் உள்ளே உடைந்துகொண்டே இருக்கிறது என்று அஞ்சுபவரால் அந்தக் காலை நம்பி ஊன்ற முடியாது.

வலி தவிர, விபத்தும் அதைத் தொடர்ந்த ஓய்வும் உடலுக்குச் செய்பவை வேறு பல. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் அசையாமல் வைத்த காலைக் கட்டுப் பிரித்ததும் பார்த்தால், தொடை இளைத்துப்போயிருக்கும். முன்தொடைத் தசைதான் முதலில் கரையும். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை சுருங்கி இறுகும். அறுவைத் தழும்பு அடியிலுள்ள தசையோடு ஒட்டிக்கொள்ளும். எலும்புகூட, சுமை விழாத நாட்களில் தன் அடர்த்தியை இழக்கிறது. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892இலேயே எழுதினார். எலும்பு முறிந்தவருக்கு அளவாகச் சுமை கொடுக்கச் சொல்வதன் காரணங்களில் அதுவும் ஒன்று.

எவ்வளவு சுமை என்பதை அறுவை மருத்துவர்தான் முடிவு செய்வார். முறிவின் வகையையும் உள்ளே பொருத்திய ராடு அல்லது பிளேட்டின் உறுதியையும் அறிந்தவர் அவர். முதலில் காலைத் தரையில் வெறுமனே தொட வைப்பது, அடுத்து உடல் எடையில் ஒரு பங்கை மட்டும் ஊன்றுவது, பிறகு முழு எடையும் ஊன்றுவது என்று படிப்படியாகப் போகும். "பாதி எடை ஊன்றுங்கள்" என்று சொன்னால் நோயாளிக்கு அது எவ்வளவு என்று தெரியாது. அதற்கு எளிய வழி இருக்கிறது. வீட்டில் எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையையோ கனமான புத்தகங்களையோ வைக்க வேண்டும். நல்ல காலைப் பலகையிலும் அடிபட்ட காலைக் கருவியிலும் வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, முள் முப்பது கிலோவைத் தொடும் வரை மெதுவாகச் சாய வேண்டும் (அறுபது கிலோ எடையுள்ளவருக்கு). நாளுக்குச் சில முறை இப்படிப் பழகினால் அந்த அழுத்தம் எப்படி இருக்கும் என்பது காலுக்கே பிடிபட்டுவிடும்.

ஒரே விபத்தில் பல இடங்களில் அடிபடும்போதுதான் சிக்கல் பெருகுகிறது. வலது காலும் வலது மணிக்கட்டும் சேர்ந்து முறிந்தவரால் சாதாரண வாக்கரைப் பிடிக்க முடியாது. முன்கையைத் தாங்கும் வகையிலான ஊன்றுகோல் தேவைப்படும். விலா எலும்பு முறிந்தவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார், அதனால் சளி தேங்கி நுரையீரல் தொற்று வரலாம். அவருக்குக் கால் பயிற்சிக்கு முன்பே மூச்சுப் பயிற்சி தொடங்க வேண்டும். தலையில் அடிபட்டவருக்குத் தலைசுற்றலும் மறதியும் இருக்கும். ஒரே நேரத்தில் ஐந்து பயிற்சிகளைச் சொன்னால் ஒன்றும் மனத்தில் நிற்காது. எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது, ஒன்றுக்குச் செய்யும் பயிற்சி மற்றொன்றைக் கெடுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வரிசைப்படுத்துவதில்தான் நல்ல சிகிச்சையாளரின் திறமை தெரியும்.

முழங்காலைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் நம் வாழ்க்கைமுறை முழங்காலிடம் நிறையக் கேட்கிறது. சமதளத்தில் நடக்க முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்கினால் போதும். படியிறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 டிகிரிக்குச் சற்று மேல் வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்காரவோ, இந்தியப் பாணிக் கழிப்பறையில் குந்தவோ அதைவிட மிக அதிகமாக மடங்க வேண்டும். 90 டிகிரி வந்ததும் "போதும், நடக்க முடிகிறது" என்று பயிற்சியை நிறுத்திவிடுபவர்கள் பலர். ஊருக்குப் போய்ப் பந்தியில் தரையில் உட்கார முடியாதபோதும், வயலோரம் குந்தி வேலை செய்ய முடியாதபோதும்தான் இழப்பு தெரியவருகிறது. அதற்குள் மூட்டு இறுகிப்போயிருக்கும். ஆகவே முதல் நாளே சிகிச்சையாளரிடம் உங்கள் வீட்டில் எந்தவிதக் கழிப்பறை, நீங்கள் எதில் படுக்கிறீர்கள், உங்கள் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள். இலக்கை அதிலிருந்துதான் வகுக்க முடியும். எட்டாத இலக்கென்றால், மேற்கத்தியக் கழிப்பறைக்கோ பிளாஸ்டிக் கமோடு நாற்காலிக்கோ முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

மடக்குவதைவிட நீட்டுவது முக்கியம் என்பதை மறந்துவிடுகிறோம். முழங்கால் முழுமையாக நீளாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் கால் சற்று மடங்கியபடியே ஊன்றும். முன்தொடைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது. இடுப்பும் முதுகும் அதற்கு ஈடுகொடுத்து வலிக்கத் தொடங்கும். வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து வாரக்கணக்கில் படுத்திருப்பது பாசத்தோடு செய்யப்படும் தவறு. மூட்டு அந்த மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். தலையணை வைக்கத்தான் வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்காலின் பின்பக்கம் தொங்கும்படி விடலாம். கூடவே ஒரு சிறு பயிற்சி: முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி, முன்தொடைத் தசையை இறுக்கி ஐந்து நொடி பிடித்து விட வேண்டும். பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் இப்பயிற்சியில், தசை இறுகும்போது முழங்காற்சில்லு தொடைப்பக்கம் நகர்வதை விரலால் தொட்டுப் பார்க்கலாம். அது நகரவில்லையென்றால் தசை இன்னும் விழிக்கவில்லை என்று பொருள். சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டும்.

பயிற்சியின்போது வலித்தால் நிறுத்துவதா, தொடர்வதா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வலியே இல்லை என்பதைப் பூச்சியமாகவும் தாங்கவே முடியாத வலியைப் பத்தாகவும் வைத்துக்கொண்டால், மூன்று நான்கு வரையிலான வலி பொதுவாக ஏற்கத்தக்கது. அதைவிட முக்கியமான அளவுகோல் அடுத்த நாள் காலை. எழுந்திருக்கும்போது வலியும் வீக்கமும் முந்தைய காலை இருந்த அளவிலேயே இருந்தால், நேற்றுச் செய்தது சரியான அளவு. கூடியிருந்தால், பயிற்சியை அடியோடு விடாமல் எண்ணிக்கையை மட்டும் குறைக்க வேண்டும்.

நாள்பட்ட வலியில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையெல்லாம் செய்து முடித்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது ஒன்று. இதற்கு மருந்து, வலியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்வது. பத்து நிமிடம் நின்றால் வலி எகிறுகிறதென்றால் எட்டாவது நிமிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், வலிக்காத நாளிலும். ஒரு வாரம் அப்படியே கழிந்தால் ஒன்பது நிமிடம். மெதுவாகப் போவதுபோல் இருக்கும், ஆனால் பின்னோக்கிச் சரியாமல் ஏறுவது இந்த முறையில்தான்.

மற்றொரு பொறி அச்சம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பதுபோல, ஒருமுறை குனிந்தபோது முதுகில் மின்னல் வெட்டியதுபோல் வலித்தவர் அதன் பிறகு குனிவதையே விட்டுவிடுகிறார். குனியாத முதுகு இறுகுகிறது, தசை தளர்கிறது, அடுத்த முறை தவறிக் குனியும்போது முன்பைவிட அதிகமாக வலிக்கிறது, அச்சம் உறுதிப்படுகிறது. இங்கே சிகிச்சையாளர்களாகிய நாங்கள் செய்வது, அந்த அசைவைச் சிறு துண்டுகளாக்கித் திருப்பிக் கொடுப்பது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை முழங்கால் வரை கொண்டுபோவது, அடுத்த வாரம் கணுக்கால் வரை, அதன் பிறகு ஸ்டூல்மேல் இருக்கும் காலிக் குடத்தை நின்றபடி எடுப்பது, பிறகு அதே குடத்தில் கால் பங்கு தண்ணீர்.

இனி, கரன்ட் வைப்பது பற்றி. பல மையங்களில் நோயாளியைப் படுக்க வைத்து, பட்டைகளை ஒட்டி, மின்தூண்டல் கருவியையோ, ஒலியலை செலுத்தும் அல்ட்ராசவுண்டு கருவியையோ ஓட்டி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். மின்தூண்டலால் சிலருக்குச் சிறிது நேரம் வலி குறைகிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்திப் பயிற்சி செய்தால் நல்லது. ஆனால் கருவி தசையை வலுப்படுத்தி நடக்க வைக்காது, இறுகிய மூட்டை விடுவிக்காது. பத்து அமர்வு முடிந்த பிறகும் வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடக் கற்றுத்தரப்படவில்லை என்றால், மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று ஒருமுறைகூட அளக்கப்படவில்லை என்றால், வேறு சிகிச்சையாளரைப் பார்ப்பது நல்லது. இதைத் தயங்காமல் சொல்கிறேன். பணத்தையும் மீட்கக்கூடிய மாதங்களையும் ஏழைக் குடும்பங்கள் இப்படி இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எண்ணெய் போட்டு நீவுவதிலும் எச்சரிக்கை தேவை. ஆறிய தழும்பையும் இறுகிய தசையையும் மென்மையாகத் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் முழங்கையில் முறிவோ மூட்டு விலகலோ ஏற்பட்ட புதிதில் அந்த இடத்தை அழுத்தி நீவுவதும் வலுக்கட்டாயமாக மடக்கி நீட்டுவதும், தசைக்குள்ளேயே எலும்பு வளரும் நிலையை உண்டாக்கக்கூடும். முழங்கை நிரந்தரமாக இறுகிப்போகலாம். முழங்கையைப் பொறுத்தவரை, நோயாளி தானாக அசைக்கும் அசைவே முதல் சில வாரங்களில் பாதுகாப்பானது.

மணிக்கட்டு அல்லது கணுக்கால் முறிவுக்குப் பிறகு சிலருக்கு மட்டும் வலி வேறொரு வடிவம் எடுக்கும். காயத்துக்குச் சற்றும் பொருந்தாத எரிச்சல், கை வீங்கிப் பளபளப்பது, மற்றக் கையைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருப்பது, நிறம் மாறுவது, வியர்ப்பது, மின்விசிறிக் காற்று பட்டாலே துடிப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். இதைச் சிக்கலான வட்டார வலி நோய்த்தொகுப்பு என்கிறார்கள். சீக்கிரம் கண்டுகொண்டால் மீள்வது எளிது. கையைத் துணியில் சுற்றிப் பொத்தி வைத்தால் நிலைமை மோசமாகும். பஞ்சு, பருத்தித் துணி, துவாலை, அரிசி நிரப்பிய பாத்திரம் என்று மென்மையிலிருந்து சொரசொரப்புக்குத் தொடுதலைப் பழக்குவது ஒரு முறை. கண்ணாடிச் சிகிச்சை மற்றொன்று: நோயுற்ற கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் அசைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையே பார்க்கும்போது, வலிக்கும் கை வலியின்றி அசைவதாக மூளைக்குத் தோன்றுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலிப்பதாக உணர்பவர்களுக்காக 1990களில் இந்த முறையை உருவாக்கினார். பிறகு சிக்கலான வட்டார வலிக்கும் அது பயன்படுத்தப்பட்டது.

கடும் காயத்துக்குப் பின் ஒருவர் எவ்வளவு தூரம் மீள முடியும் என்பதற்கு வேலூரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவானது. அவர் கால்களின் இயக்கம் திரும்பவில்லை. அவரைப் போன்ற காயங்களில் சிகிச்சையின் நோக்கம் இழந்ததை மீட்பதோடு நிற்காமல், மீதமிருப்பதைக் கொண்டு வாழ்க்கையை அமைத்துத் தருவதாகவும் இருக்கிறது. அதற்கு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், மனநல ஆலோசகர் என்று ஒரு குழுவே வேண்டும். தூக்கமின்மையும் மனச்சோர்வும் விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப நினைவில் வருவதும் வலியைக் கூட்டுகின்றன. அவற்றுக்குச் சிகிச்சை எடுப்பது வலிக்கே சிகிச்சை எடுப்பதாகும்.

சில அறிகுறிகளுக்குப் பயிற்சியைத் தள்ளிவைத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. முதுகில் அடிபட்டவருக்குச் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்குப் பகுதி மரத்தாலோ அது அவசர நிலை. மாவுக்கட்டுக்குள் வலி தாங்க முடியாமல் ஏறி, விரல்கள் நிறம் மாறி மரத்துப்போவதும் அப்படியே. அறுவைக் காயத்தில் சீழ், காய்ச்சல், புதிதாகத் தோன்றும் தசைத் தளர்ச்சி ஆகியவற்றையும் வலிமாத்திரையால் மூடிவைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே வர இயலாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே, அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். உள்ளே என்ன பொருத்தியிருக்கிறது என்று தெரியாமல் எந்தச் சிகிச்சையாளராலும் துணிந்து சுமை கூட்ட முடியாது.

மீண்டும் வண்டி ஓட்டுவது எப்போது என்று கேட்பவர்களுக்கு மாதக் கணக்கில் பதில் சொல்வது சரியல்ல. நம் நாட்டுக் கியர் பைக்குகளில் வலது பாதம் பின் பிரேக்கையும், இடது பாதம் கியரையும், வலது கை முன் பிரேக்கையும், இடது கை கிளட்சையும் இயக்குகின்றன. அடிபட்டது எது என்பதைப் பொறுத்து விடை மாறும். அறுவை மருத்துவரின் அனுமதி கிடைத்த பிறகு, அடிபட்ட காலில் மட்டும் தடுமாறாமல் நிற்க முடிகிறதா, வண்டி ஒருபுறம் சாயும்போது அந்தக் காலை ஊன்றித் தாங்க முடிகிறதா என்று பாருங்கள். எஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் அமர்ந்து, ஒருவர் திடீரெனக் குரல் கொடுத்ததும் இரண்டு பிரேக்கையும் வலியின்றி, தயங்காமல் அழுத்த முடிகிறதா என்று பல முறை சோதியுங்கள். அதில் தேறியவர் ஹெல்மெட் அணிந்து, துணைக்கு ஒருவரோடு ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் சில நாள் ஓட்டிப் பழகிவிட்டுச் சாலைக்கு வரலாம்.